கென்யா மலைச்சரிவில் இரண்டு செடிகள்

பூமத்திய ரேகையின்மேல் பனி உறைந்து கிடக்குமா? 1849-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், லுட்விக் கிராப்ஃப் என்னும் ஜெர்மானிய மறைபணியாளர், கிழக்கு ஆப்பிரிக்காவின் கிட்டுயி என்ற இடத்திலிருந்து வடமேற்கே நோக்கினார். தொலைவில் இரு பெருங்கொம்புகள் போன்ற சிகரங்களும், அவற்றின்மேல் படிந்த வெண்மையும் அவர் கண்ணில் பட்டன. கண்டதை எழுதி அனுப்பினார். ஐரோப்பாவின் நிலநூல் அறிஞர்களோ அதை நம்ப மறுத்தனர். கொளுத்தும் வெயிலின் நடுநாட்டில் பனியாவது, மலையாவது என்று எள்ளி நகையாடினர்.

ஆயினும் மலை அங்கேதான் இருந்தது. அதன் அடிவாரத்தில் வாழும் கிக்குயு மக்கள் தொன்றுதொட்டு அதைக் கிரின்யாகா என்று அழைத்து, கடவுளின் உறைவிடமாகப் போற்றி வந்தனர். 1887-இல் டெலெக்கி என்னும் ஹங்கேரியப் பிரபு அதன் தென்மேற்குச் சரிவில் ஏறினார். 1899-இல் ஹால்ஃபோர்ட் மக்கிண்டர் என்ற ஆங்கில நிலநூல் அறிஞர், தம் இரு வழிகாட்டிகளுடன் 5,199 மீட்டர் உயரமுள்ள பாட்டியன் சிகரத்தை அடைந்தார். 1949-இல் மலையின் மேற்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1997-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது.

சிகரம் ஏறுவோரின் வீரக் கதைகள் ஏராளம். நாம் அத்துணை உயரம் போக வேண்டியதில்லை. ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்தில், டெலெக்கியின் பெயரால் வழங்கும் ஒரு பள்ளத்தாக்கில், இரண்டு செடிகள் அருகருகே வளர்கின்றன. அவை நெருங்கிய உறவுடையவை. ஒரே மலையில், ஒரே பனியில் வளர்பவை. எனினும் வாழும் முறையில் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. அந்த இரண்டையும் காண்பதே நம் பயணத்தின் நோக்கம்.

அடிவாரத்து வயல்கள்

நைரோபி நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் சென்றால் நாரோ மோரு என்னும் சிற்றூரை அடையலாம். தீக்கா நகரைக் கடந்ததும் நிலம் செம்மண்ணாகிறது. சாலை மேடுபள்ளமாக ஏறி இறங்குகிறது. கராட்டினா, நியேரி ஆகிய ஊர்களின் சுற்றுப்புறங்களில் மலைமண்ணின் செழுமை கண்கூடு. ஒரே குடும்பத்தின் சிறு நிலத்தில் மக்காச்சோளமும், அவரையும், காப்பிச் செடியும் சேர்ந்தே நிற்பதைக் காணலாம்.

பயணி இங்கே சற்று நின்று நோக்கினால், மலையுச்சியில் காணப்போகும் புதிருக்கு இப்போதே ஒரு முன்னுரை கிடைக்கும். மக்காச்சோளம் சில மாதங்களே வாழும் பயிர். மார்ச் மாத மழையில் முளைத்து, கதிர் ஈன்றதும் தட்டையாகக் காய்ந்து நிற்கும். தன்னிடமுள்ள சாரம் அனைத்தையும் மணிகளில் கொட்டிவிட்டுத் தான் மடிவது அதன் இயல்பு; நம் நெல்லும் அப்படியே. காப்பிச் செடியோ முதல் சில ஆண்டுகள் எதுவும் தராது. வேரையும் கிளையையும் வளர்த்துக்கொண்டு, பிறகு ஆண்டுதோறும் அளவோடு காய்த்து, பல பத்தாண்டுகள் நிற்கும்.

அளவோடு என்று சொன்னோமே, அதில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் ஆண்டு மிகுதியாகக் காய்த்துவிட்ட காப்பிச் செடியின் கிளை நுனிகள் கருகிக் காய்வதை ஏற்காடு, கீழ்ப்பழநி மலைத் தோட்டக்காரர்களும் அறிவர். ஓர் ஆண்டு கொத்துக் கொத்தாய்க் காய்த்த மாமரம் மறு ஆண்டு ஓய்ந்து நிற்பதை நம்மில் பலர் வீட்டுக் கொல்லையிலேயே கண்டிருக்கிறோம். காரணம் எளியது. வேர் உறிஞ்சும் உணவும் இலை சமைக்கும் சர்க்கரையும் ஒரே களஞ்சியத்தில்தான் சேர்கின்றன. விதைக்குக் கொடுத்தது வேருக்கு இல்லை. இன்றைக்குச் செலவிட்டது நாளைக்கு இல்லை. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கினால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது என்று நம் உழவர் கேட்கும் கேள்வியை, உயிருள்ள ஒவ்வொன்றும் தன் உடலால் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

எப்போது ஈனத் தொடங்குவது, ஒரு முறைக்கு எத்தனை ஈனுவது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஊட்டுவது, ஈன்ற பின்னும் வாழ்வதா மடிவதா என்ற இந்நான்கு கேள்விகளுக்கும் ஒவ்வோர் உயிரினமும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒருங்கே மிகுதியாகப் பெறுவது எந்த உயிருக்கும் இயலாது.

காட்டின் வழியே

நாரோ மோருவிலிருந்து பூங்காவின் வாயிலைக் கடந்தால் அடர்ந்த காடு தொடங்குகிறது. வழியிலே யானையின் இலத்தி கிடக்கும். ஒடிந்த கிளைகள் அவை சற்றுமுன் சென்ற திசையைக் காட்டும். யானை 22 மாதங்கள் கருவைச் சுமந்து ஒரே ஒரு கன்றை ஈனுகிறது. அதைப் பல ஆண்டுகள் பேணுகிறது. அதன் காலடியில் ஓடும் காட்டெலியோ மூன்று வாரங்களில் ஒரு வளை நிறையக் குட்டிகளை ஈன்றுவிடுகிறது. யானையைக் கொல்லத்தக்க விலங்கு காட்டிலே அரிது. ஆகையால் அது பொறுத்திருக்கலாம். எலி அடுத்த மாதம் உயிரோடிருக்குமா என்பதே ஐயம். ஆகையால் அது விரைந்து ஈன வேண்டும். பொறுமையும் அவசரமும் இங்கே குணங்கள் அல்ல. ஒவ்வொன்றும் அவ்வவ்விலங்கின் ஆயுளுக்கு ஏற்ற வழி.

மேலே ஏற ஏற மூங்கில் சூழ்கிறது. மூங்கில் நெடுங்காலம் பூவாமல் நின்று, பூத்தவுடன் காய்ந்து போகும் புல்லினம் என்பதை நாம் அறிவோம். மூங்கில் பூத்தால் பஞ்சம் என்று நம் நாட்டிலும் சொல்வதுண்டு. மிசோரம் மலைகளில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மூங்கில், எண்ணற்ற விதைகளைச் சொரிந்து, அவற்றைத் தின்று பெருகிய எலிகளால் 1959-இல் அங்கே கொடிய பஞ்சம் நேர்ந்ததும் வரலாறு.

நம் பழநி மலையிலும் நீலகிரியிலும் நீலப் போர்வையாய் விரியும் குறிஞ்சியும் இத்தகையதே. 12 ஆண்டுகள் காத்திருந்து, ஒரே முறை பூத்து, விதைத்து, மடிகிறது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும் என எதிர்நோக்கப்படுகிறது. ஆகவே, கென்யா மலையில் நாம் காணவிருக்கும் விந்தை தமிழ் மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானது அன்று. ஆனால் அங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரே முறை பூக்கும் செடியும், பல முறை பூக்கும் அதன் உறவுச் செடியும், ஒரே பள்ளத்தாக்கில், கல்லெறியும் தூரத்தில் நிற்கின்றன. காரணத்தைத் தேடுவோர்க்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கே அமையும்?

டெலெக்கிப் பள்ளத்தாக்கு

3,050 மீட்டர் உயரத்தில் உள்ள வானிலை நிலையத்தைக் கடந்தால் மரங்கள் குறுகிப் பின்தங்கிவிடும். பிறகு வருவது செங்குத்தான சதுப்பு நிலம். ஒவ்வோர் அடியிலும் கால் கணுவரை புதையும். புற்கொத்துகளின்மேல் தாவித் தாவிச் செல்ல வேண்டும். மூச்சு வாங்கும், தலை கனக்கும். இந்தச் சோதனையைக் கடந்து முகட்டை அடைந்தால், கீழே டெலெக்கிப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். தலைமாட்டில் பாட்டியனும் நெலியானும் கருங்கல் கோபுரங்களாய் நிற்கின்றன. அவற்றின் அடியிலிருந்து நாரோ மோரு ஓடை சலசலத்து வருகிறது.

இங்கே பகலில் வெயில் சுடும். இரவில் நீர் உறையும். ஒவ்வொரு நாளும் கோடை, ஒவ்வோர் இரவும் குளிர்காலம் என்று தாவரவியலார் இவ்விடத்தை வருணிப்பர். பூமத்திய ரேகை மிக அருகே செல்வதால் ஆண்டு முழுதும் இதே நிலைதான். இலையுதிர்காலம் என்றோ வசந்தம் என்றோ ஒன்று வந்து, ‘இப்போது பூ’ என்று செடிக்கு நாள் குறித்துக் கொடுப்பதில்லை.

இக்கொடிய காலநிலையில் வளரும் செடிகளின் தோற்றமே வேறு. நம் ஊர்ச் சூரியகாந்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி இங்கே மரமாய் வளர்ந்து, காய்ந்த இலைகளை உதிர்க்காமல் கம்பளிச் சட்டைபோல் தண்டில் போர்த்தி நிற்கிறது. அவற்றினிடையே தரையோடு தரையாகப் பெரிய முட்டைக்கோசுகளைப் போல் இலையடுக்குகள் தென்படும். அவையே லொபீலியாக்கள்.

ஓடைக்கரையின் ஈரமான பள்ளங்களில் வளர்வது கென்யா லொபீலியா. அதன் இலையடுக்கு ஒரு கிண்ணம்போல் நீரைத் தேக்கி வைத்திருக்கும். இரவில் அந்நீரின் மேற்பரப்பு பனிக்கட்டியாகிறது. அந்தப் பனிக்கட்டியே மூடியாகி, அடியிலுள்ள நீரையும் இளந்தளிரையும் உறையாமல் காக்கிறது. பகலில் பனிக்கட்டி உருகுகிறது. மீண்டும் இரவில் உறைகிறது.

இச்செடி பூக்கும் முறையை விளங்கிக்கொள்ள நம் வாழைத்தோட்டம் போதும். குலை தள்ளிய வாழை மீண்டும் குலை தள்ளுவதில்லை, அதை வெட்டிவிடுகிறோம். ஆயினும் கிழங்கு சாகாது. பக்கக்கன்று வளர்ந்து அடுத்த குலையைத் தருகிறது. வாழையடி வாழை என்று மணமக்களை வாழ்த்துவது இதனாலன்றோ? கென்யா லொபீலியாவும் இவ்வாறே மண்ணுள் ஓடும் தண்டிலிருந்து பல இலையடுக்குகளை விடுகிறது. ஓர் அடுக்கு பூத்து மடிந்தாலும், ஏனைய அடுக்குகள் வாழ்கின்றன. சில ஆண்டுகள் இடைவெளிவிட்டு இன்னொன்று பூக்கிறது. இங்ஙனம் ஒரே செடி தன் நீண்ட ஆயுளில் பல முறை பூத்து விதைக்கிறது.

இப்போது ஓடையைவிட்டு விலகி, கற்கள் நிறைந்த வறண்ட சரிவில் சற்று ஏறுவோம். இங்கே நிற்பது டெலெக்கி லொபீலியா. பொதுவாக ஒரே இலையடுக்கு, பக்கக்கன்று இல்லை. பல பத்தாண்டுகள் அது மெல்ல மெல்ல வளர்கிறது. தண்டிலும் வேரிலும் உணவைச் சேமிக்கிறது. பிறகு ஒரு நாள் நடுக்குருத்திலிருந்து ஒரு பூந்தண்டு எழும்புகிறது. அது ஆள் உயரத்தையும் தாண்டி வளர்ந்து, நீண்ட சாம்பல்நிற மயிர்கள் போர்த்த தூண்போல் நிற்கும். தொலைவிலிருந்து பார்த்தால் கம்பளி போர்த்திய துறவி ஒருவர் சரிவில் நிற்பதாகவே தோன்றும். அந்த மயிர்ப் போர்வைக்குள்ளே நீலப் பூக்கள் ஒளிந்திருக்கின்றன. பச்சை மின்னும் உடலும் நீண்ட வாலும் கொண்ட மலைத் தேன்சிட்டு அவற்றில் மூக்கை நுழைத்துத் தேன் உண்கிறது. பூக்கள் விதையாகின்றன, தூசிபோன்ற விதைகள் காற்றில் சிதறுகின்றன. செடி வேரோடு மடிகிறது. காய்ந்த தண்டு மட்டும் அதன்பின் நெடுங்காலம் நிற்கிறது.

பூத்த டெலெக்கி லொபீலியா ஒன்று, பூத்த கென்யா லொபீலியாவின் ஓர் அடுக்கைவிடச் சில மடங்கு அதிக விதைகளைத் தருகிறது. சேமித்த அனைத்தையும் ஒரே தண்டில் கொட்டுவதால் அது இயல்கிறது. அந்த மிகுதிக்கு அது தரும் விலை, தன் உயிர்.

ஒரு தாயின் மதிப்பு எத்தனை விதை?

இவ்விரண்டில் எது சிறந்த வழி? 1954-இல் லாமான்ட் கோல் என்ற அமெரிக்க உயிரியலாளர் இக்கேள்வியைக் கணக்காக எழுதிப் பார்த்துத் திகைத்தார். அக்கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்.

ஒரு செடி ஆண்டுதோறும் 9 விதை தந்து, தானும் சாகாமல் நிற்கிறது என்று கொள்வோம். மற்றொரு செடி 10 விதை தந்து உடனே மடிகிறது. விதைகள் யாவும் பிழைத்து மறு ஆண்டே பூக்குமானால், முதற்செடியின் வீட்டில் 9 பிள்ளைகளும் தாயும் சேர்ந்து 10 பேர். இரண்டாம் செடியின் வீட்டில் தாய் இல்லை. ஆனால் பிள்ளைகள் 10 பேர். இரண்டும் சமம்! என்றென்றும் சாகாமல் வாழ்வதன் பயன், கூடுதலாக ஒரே ஒரு விதைதானா? அப்படியானால் உலகில் நெடுநாள் வாழும் மரங்கள் ஏன் உள்ளன? எல்லாச் செடிகளும் ஒரு விதை கூடத் தந்துவிட்டு மடிந்து போகலாமே!

இத்திகைப்புக்கு 1973-இல் எரிக் சார்னோவ், வில்லியம் ஷாஃபர் என்னும் இருவர் விடை கண்டனர். விதைகள் யாவும் பிழைக்கும் என்று கொண்டதே கணக்கின் குறை. உண்மையில் பெரும்பாலான விதைகள் முளைக்கும்முன்னரோ முளைத்த சில நாட்களிலோ அழிகின்றன. ஆயிரத்தில் ஒன்றே பிழைக்கிறது என்று கொண்டு மீண்டும் கணக்கிடுவோம். முதற்செடி 1,000 விதை தந்தால் ஒரு பிள்ளை பிழைக்கும், தாயும் உண்டு, ஆக இருவர். மடியும் செடி அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால் 2,000 விதை தர வேண்டும். பிழைத்திருக்கும் தாயின் மதிப்பு இப்போது ஆயிரம் விதை!

இன்னும் ஒரு படி உண்டு. தாய் பிழைத்திருப்பது உறுதியா? அடுத்த முறை பூக்கும்வரை பத்தில் ஒரு தாயே உயிரோடிருக்கும் என்றால், தாயின் மதிப்பு நூறு விதையாகக் குறைந்துவிடுகிறது. அப்போது 1,100 விதை தந்து மடிவதும், 1,000 விதை தந்து வாழ முயல்வதும் சமம். அதற்கு மேல் ஒரு விதை கூடினாலும் மடிவதே இலாபம்.

ஆகவே, ஒரு முறை பூப்பதா பல முறை பூப்பதா என்ற வழக்கு, இறுதியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. அடுத்த பூப்பைக் காண இந்தச் செடி உயிரோடிருக்குமா?

எல்லைக்கோடு எங்கே?

இக்கேள்வியைக் காகிதத்தில் விட்டுவிடாமல் மலைக்கே எடுத்துச் சென்றவர் ட்ரூமன் யங் என்ற அமெரிக்கச் சூழலியலாளர். லொபீலியாச் செடிகளுக்கு அடையாளமிட்டு, ஆண்டுக்கு ஆண்டு திரும்பி வந்து, எது எவ்வளவு வளர்ந்தது, எது பூத்தது, எது மடிந்தது என்று அவர் பதிவுசெய்தார். செடிகளோ பல பத்தாண்டுகள் வாழ்பவை. அவற்றின் வளர்ச்சியோ கண்ணுக்குத் தெரியாத அளவு மெதுவானது. இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய முதல் கருவி பொறுமையே எனலாம். 1984-இலும் 1990-இலும் வெளியிட்ட கட்டுரைகளில் தாம் கண்டவற்றை அவர் எடுத்துரைத்தார்.

ஈரமான பள்ளத்தில் நிற்கும் கென்யா லொபீலியாவுக்கு இலையடுக்குகள் மிகுதி. ஆகையால் ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் இடைவெளி குறைவு. இடையில் செடி இறப்பதும் அரிது. அங்கே தாயின் மதிப்பு உயர்ந்தது; பல முறை பூப்பதே ஏற்றது. பள்ளத்தைவிட்டு வறண்ட மேட்டை நோக்கிச் செல்லச் செல்ல, அதே கென்யா லொபீலியாவுக்கு அடுக்குகள் குறைகின்றன, வளர்ச்சி தளர்கிறது, அடுத்த பூப்புக்கான காத்திருப்பு நீள்கிறது, காத்திருக்கும் காலத்திலேயே செடிகள் மடிகின்றன. ஓரிடத்தில் கணக்கு புரள்கிறது. அதற்கு அப்பால் மறுபடி பூக்கலாம் என்று மிச்சம் வைப்பது வீண். இருப்பதை எல்லாம் ஒரே பூந்தண்டில் கொட்டுவதே விதை பெருகும் வழி.

கணக்கு எவ்விடத்தில் புரள வேண்டுமோ, ஏறக்குறைய அவ்விடத்திலேதான் மலையில் கென்யா லொபீலியா முடிந்து டெலெக்கி லொபீலியா தொடங்குகிறது! காகிதத்தில் வரைந்த கோடும் மலைச்சரிவில் ஈரம் முடியும் கோடும் ஒன்றாய்ப் பொருந்தியதைக் கண்டபோது அந்த ஆய்வாளர் உள்ளம் எத்துணை மகிழ்ந்திருக்கும்!

செடிக்கு மூளை இல்லை. அது உட்கார்ந்து கணக்கிடவில்லை. வறண்ட சரிவில் பலவகைப் போக்குடைய செடிகள் தலைமுறை தலைமுறையாய் முளைத்தன. கொஞ்சம் மிச்சம் வைத்தவை, வைத்த மிச்சத்தைப் பயன்படுத்துமுன் மாண்டன. முழுவதையும் செலவிட்டவை மிகுதியான விதைகளை விட்டுச் சென்றன. அவ்விதைகளில் அதே போக்கு தொடர்ந்தது. ஈரப் பள்ளத்திலோ இதற்கு மாறாக நடந்தது. எண்ணற்ற தலைமுறைகளாக நிகழ்ந்த இந்தச் சலித்தெடுப்பையே இயற்கைத் தேர்வு என்கிறோம்.

குழிமுயலும் தீயும்

இப்பள்ளத்தாக்கின் பாறை இடுக்குகளில் முயலளவுள்ள கொழுத்த விலங்குகள் வெயில் காய்வதைக் காணலாம். பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ‘குழிமுசல்’ என்று வருவது இவ்விலங்கினமே. உண்மையில் இது முயலுக்கு உறவன்று. யானைக்கே தூரத்து உறவு. அந்த உறவு இதன் குடும்ப வாழ்விலும் தெரிகிறது. முயல் ஒரே மாதத்தில் கண் திறவாத குட்டிகளைக் கூட்டமாய் ஈனும். இவ்விலங்கோ ஏழு மாதங்களுக்கு மேல் சுமந்து, கண் திறந்த, ஓடவல்ல சில குட்டிகளையே ஈனுகிறது.

லொபீலியாவின் எதிரிகளில் இதுவும் ஒன்று. வறட்சி வந்து புல் காய்ந்தால், லொபீலியாவின் அடுக்குகளைக் கடித்துத் தின்னத் தொடங்கும். நாற்பது ஆண்டு சேமிப்பு ஒரு வாரத்தில் அழியும். பக்கக்கன்று உடைய செடி தப்பலாம். ஒற்றை அடுக்குடைய டெலெக்கி லொபீலியாவுக்கு மறுவாய்ப்பு இல்லை.

இங்கேதான் நம் கவலையும் தொடங்குகிறது. மலையின் பெரிய பனியாறாகிய லூயிஸ், 1934-க்கும் 2010-க்கும் இடையில் தன் பருமனில் 90 விழுக்காட்டை இழந்துவிட்டது. கிராப்ஃப் கண்ட வெண்மை, அவரை நம்ப மறுத்தவர்களின் கொள்ளுப் பேரர்கள் காலத்திலேயே மறைந்து கொண்டிருக்கிறது. 2012 மார்ச்சில் மலையின் புதர்நிலங்களில் பெருந்தீ பரவியது. இம்மலையிலிருந்து இறங்கும் நீரே கிழக்கே தானா ஆறாகி இந்தியப் பெருங்கடலை அடைகிறது. வடக்கே எவாசோ ஞிரோ ஆறாகி வறண்ட நாட்டின் மந்தைகளுக்கும் மக்களுக்கும் உயிரூட்டுகிறது. மலையில் ஈரம் குறைவது லொபீலியாவின் துயரம் மட்டும் அன்று.

செடிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். எலியும் மக்காச்சோளமும் ஓராண்டுக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடுகின்றன. காலம் மாறினால், மாறியவற்றுக்கு இடம் கொடுத்து அவற்றின் இனம் விரைவில் திரும்ப இயலும். லொபீலியாவுக்கோ ஒரு தலைமுறை என்பது பல பத்தாண்டுகள். இன்று பூக்கும் டெலெக்கி லொபீலியா, மலையில் பனி மிகுதியாய் இருந்த நாளில் முளைத்தது. அன்றைய நிலத்துக்கு ஏற்ற விடையை அது உடலில் தாங்கி நிற்கிறது; காலடியில் நிலம் மாறிக்கொண்டிருக்கிறது. ஈரக்கோடு நகர்ந்தால் செடிகள் எழுந்து நடந்து அதனைத் தொடர முடியாது. விதைகள் மட்டுமே செல்ல முடியும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தலைமுறை வேண்டும்.

இறங்கும் வழியில்

மலையிலிருந்து இறங்குகையில் மீண்டும் சதுப்பு, மூங்கில், காடு, காப்பித் தோட்டம் என்று வழி நீள்கிறது. பயணி ஒருவர் செடிகளைப் பார்த்து மனித வாழ்வுக்குச் சட்டம் எழுதிவிட முடியாது. மனிதனுக்குச் சிந்தை உண்டு. பிறருக்காக வாழும் அன்பு உண்டு. விழுந்த அயலானைத் தூக்கிவிடக் கைகள் உண்டு. லொபீலியாவுக்கு இவை இல்லை.

ஆனால் ஒரு பாடத்தை மட்டும் அம்மலை மறுக்க முடியாதபடி கற்பிக்கிறது. ஓடைக்கரையில் நின்றுகொண்டு மேட்டிலுள்ள டெலெக்கி லொபீலியாவைப் பார்த்து, ‘நாளைக்கென்று ஒன்றும் வைக்காமல் எல்லாவற்றையும் இழந்துவிட்டதே, என்ன ஊதாரித்தனம்!’ என்று சொல்வது எளிது. மேட்டிலேறி அந்தக் கற்களின்மேல் ஒரு வறட்சிக்காலம் நின்று பார்த்தவர் அவ்வாறு சொல்லமாட்டார். அந்நிலத்தில் அதுவே சிக்கனம்.

நம் பங்கிலும் தெருவிலும் எத்தனை குடும்பங்களை நாம் இவ்வாறு எடைபோடுகிறோம்! கையில் வந்த கூலியை அன்றே செலவழிக்கும் வீட்டையும், இருந்த ஒரே காணியை விற்று மகளைப் படிக்கவைக்கும் தந்தையையும், பிள்ளைகள் பலரைப் பெற்ற ஏழைத் தாயையும் பார்த்து, முன்யோசனை இல்லாதவர்கள் என்று சொல்லிவிடுகிறோம். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உடைய நமக்கு அடுத்த ஆண்டு உறுதி. நாம் நிற்பது ஓடைக்கரை. அவர்கள் நிற்கும் நிலம் எத்தகையது, அங்கே நாளை என்பது எவ்வளவு உறுதி என்று கேட்டறிந்த பின்னரே வாய் திறப்பது முறை. அதைவிட மேலானது, அவர்களுடைய நாளையைச் சற்று உறுதியாக்க நம்மால் இயன்றதைச் செய்வது. செடிகளுக்கு இயலாத அந்த உதவி நமக்கு இயலும்.

டெலெக்கிப் பள்ளத்தாக்கில் இன்றும் சில தண்டுகள் பூத்திருக்கும், தேன்சிட்டு வந்துபோகும். காய்ந்து நிற்கும் பழைய தூண்களின் அடியில், கற்களின் இடுக்கில், நகத்தளவுள்ள நாற்றுகள் இரவின் பனிக்குத் தப்பப் போராடிக் கொண்டிருக்கும். அவற்றுள் பிழைப்பவை பூப்பதைக் காண, இன்று தொடக்கப்பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் தம் பேரப்பிள்ளைகளின் கைபிடித்துத்தான் அம்மலையில் ஏற வேண்டியிருக்கும்.